பெட்டிக்கு ஒரு பிடி உப்பு

ஏம்மா, அந்தப் பெட்டி உன் காலை இடிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்கோ. கண்டக்டர் மேல தூக்கி வைக்கறேன்னான், நான்தான் வேண்டாம்னுட்டேன். மேல யார் யார் மூட்டையோ கெடக்கு. கருவாட்டுக் கூடை வேற ஒண்ணு இருக்கு. அந்த நாத்தம் பெட்டியில ஏறிக்கிச்சுன்னா போகுமா? நீ எதுவரைக்கும், புதுக்கோட்டையா? நான் காரைக்குடி. மக வீட்டுக்கு. பத்து நாளைக்கு.

மடியில வச்சிருக்கியே, அது லேப்டாப்பா? கெட்டியாப் பிடிச்சுக்கோ. அந்த மாதிரி கரண்ட்டுச் சாமானாலதான் எங்க வீட்டுல இப்ப யாரும் எங்கூட முகம் குடுத்துப் பேசறதில்லை. நீயே கேட்டுட்டு நியாயம் சொல்லு.

எம்பையன் பேரு கருணாகரன். திருச்சி உறையூர்ல பதினோரு வருஷம் வாடகை வீட்டுல இருந்தான். இப்ப கே.கே.நகர் பக்கம் ஃபிளாட் வாங்கிட்டான். ரெண்டாவது மாடி, லிஃப்ட் எல்லாம் இருக்கு. இந்த ஆவணியில நல்ல முகூர்த்தமாப் பாத்துப் பால் காச்சினோம். அதுல ஒரு குறையும் இல்லை. சாமான் கட்டினதுலதான் வந்துச்சு வினை.

மருமக பேரு சுபாஷினி. குத்தம் சொல்றேன்னு நினைக்காத, நான் யாரையும் குத்தம் சொல்ற ஆளில்லை. ஆனா அவ சாமான் கட்டின அழகை நீ பாத்திருக்கணும். ஊரு உலகத்துல யாரும் வீடு மாத்தினதில்லையா? நாங்கெல்லாம் அம்மிக்கல்லுல இருந்து ரேடியோ வரைக்கும் பழைய புடவையில மூட்டையாக் கட்டி மாட்டு வண்டியில ஏத்தினவங்க. இவ டிவிக்குப் பின்னாடி நின்னு போட்டோ எடுக்கறா. எதுக்குன்னா, எந்த ஒயரு எந்த ஓட்டையில போகுதுன்னு மறக்கக் கூடாதாம். ஒவ்வொரு ஒயருக்கும் கலர் கலரா ஸ்டிக்கர். வாஷிங்மெஷினுக்குள்ள டிரம் ஆடாம இருக்க நாலு போல்ட்டு மாட்டணும்னு, வாங்கின அன்னிக்குக் கழட்டினதை ஏழு வருஷம் ஊறுகா பாட்டில்ல போட்டு வச்சிருந்து எடுக்கறா. ஃபிரிட்ஜை ரெண்டு நாள் முன்னாடியே அணைச்சு, தொடச்சு, வாயைப் பொளந்து வச்சுட்டா. சாயாம நிக்க வச்சுத்தான் கொண்டு போகணும், போன உடனே போடக் கூடாது, அது கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கணும்னா. ஃபிரிட்ஜுக்கு ஓய்வு. நான் முழங்கால் வலின்னு சொன்னா மாத்திரையை எடுத்து நீட்டுவா, அவ்வளவுதான்.

பரண்ல பாதி இடம் காலி அட்டைப்பெட்டி. மிக்சி வந்த பெட்டி, டிவி வந்த பெட்டி, அதுக்குள்ள இருந்த தெர்மாகோல், ஒண்ணைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டா. கரப்பான் முட்டையிட்டுக் குடும்பம் நடத்துச்சு. எல்லாத்தையும் எறக்கித் தொடச்சு, எந்தச் சாமானோ அந்தப் பெட்டியிலயே போட்டு, உள்ள சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலம் வச்சா. சாப்பிடக் கூடாதுன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்குமே, அது. என்னடி இதுன்னேன். ஈரத்தை இழுக்கும் அத்தைன்னா. சாப்பிடக் கூடாதுன்னு எழுதியிருந்தா அது விஷம்தானே? புது வீட்டுக்குப் போற பெட்டியில விஷத்தை வைக்கறவளை நீ பாத்திருக்கியா?

எல்லாத்துலயும் பெருசு அவ எம்பிராய்டரி மெஷின். கம்ப்யூட்டர் மெஷின், டிசைனைத் தட்டி விட்டா அதுவே போட்டுக்கிட்டுப் போகும். கல்யாண ஜாக்கெட்டுக்கு மயிலு, மாங்கான்னு அவ போட்டா தில்லைநகர்ல இருந்துகூட வருவாங்க. அவளே சம்பாதிச்சு வாங்கினது. எம்பையன் ஆறு மாசம் வேலை இல்லாம இருந்தப்ப அந்த மெஷின்தான் சோறு போட்டுச்சுன்னு அவன் சொல்லுவான். நானும் இல்லைங்கலையே. அதைப் பெட்டியில வைக்கறதுக்குள்ள அவ பட்ட பாடு இருக்கே, எம்பேத்தி யாழிசையைக்கூடத் தொட்டில்ல அப்படிப் போட்டதில்லை.

அந்த வாரத்துல ஒரு நாள் உப்பு, மஞ்சள் வாங்கி வைக்கச் சொன்னேன். உப்பு நம்மகிட்ட இருக்கே அத்தைன்னா. எனக்கு வெறுத்துப் போச்சு. முப்பத்தி மூணு வயசு ஆகுது, குடி போற வீட்டுக்கு மொதல்ல புது உப்புதான் போகணும்னு தெரியலை. உட்கார வச்சுச் சொன்னேன். விருந்தாளியாப் போனா கையில பழம் கொண்டு போகணும். குடியிருக்கப் போனா உப்பு கொண்டு போகணும். இதுதான் வித்தியாசம், மறந்துராதன்னேன். சரிங்க அத்தைன்னு தலையாட்டினா.

சனிக்கிழமை காலையில, வீட்டுச் சாமான் கட்டி ஏத்துற பேக்கர்ஸ் ஆளுங்க மூணு பேரு வந்தாங்க. செருப்போட நேரா உள்ள வர்றான் ஒருத்தன். இன்னொருத்தன் வாயில போயிலை. அதுல தேவராசுன்னு ஒரு ஆளு, அம்பது வயசு இருக்கும், அவன்தான் மேஸ்திரி மாதிரி. பெட்டிக்கு ஒட்டுற பழுப்பு டேப்பு இருக்கு பாரு, அதைக் கத்திரிக்கோல் வச்சு வெட்ட மாட்டான். இழுத்து, பல்லால கடிச்சு, எச்சி நூலாத் தொங்க அப்படியே பெட்டியில ஒட்டறான். மிக்சி பெட்டியில. நான் சட்னி அரைக்கிற மிக்சிம்மா. கத்திரிக்கோலை எடுத்து நீட்டினேன். பழக்கமாயிருச்சுங்கம்மான்னு சிரிக்கறான். பல்லெல்லாம் கறை.

தண்ணி கேட்டான். குடுக்காம இருப்பமா? பின்பக்கம் செடிக்கு ஊத்துற டம்ளர் ஒண்ணு வச்சிருக்கேன், அதைக் கழுவி அதுல குடுத்தேன். டம்ளரையும் பாத்தான், என்னையும் பாத்தான். பரவாயில்லைங்கம்மான்னுட்டு கொல்லைக் கொழாயில கையை ஏந்திக் குடிச்சான். பவுசைப் பாரு.

கட்டி முடிச்சு, பெட்டிக்கு நம்பர் போட்டு, ஒவ்வொண்ணையும் போன்ல போட்டோ எடுத்துக்கிட்டான். இனிமே யாரும் பிரிக்காதீங்கம்மா, காலையில வந்து ஏத்திக்கறோம்னு சொல்லிட்டுப் போனாங்க. சுபாவும் யாழிசையைக் கூட்டிக்கிட்டு கேஸ் ஆபீசுக்குப் போனா. எம்பையன் புது வீட்டுல. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். வீட்டுல நானும் அந்தப் பதினாலு பெட்டியும்தான்.

நீயே சொல்லும்மா, அந்த எச்சிப் பெட்டியோட புது வீட்டுக்குள்ள நான் எப்படிப் போவேன்? யாரு என்னன்னு தெரியாது, எங்கெங்க தொட்டுட்டு வந்த கையோ. அதோட, பால் காச்சறப்ப உப்பு போகும், அது சரி. ஃபிரிட்ஜ் வெறுமையா, டிவிப் பெட்டியில தெர்மாகோலும் விஷமுமா, அத்தனையும் வெறும் சாமானாப் போனா வீடு விளங்குமா? எனக்கா கேக்குறேன்? அவங்க நல்லா இருக்கணும்னுதானே.

கதவைச் சாத்திக்கிட்டேன். ஒரு சொம்பு மஞ்சத் தண்ணி கரைச்சேன். முழங்கால் முடியாமத்தான், ஒவ்வொண்ணா உட்கார்ந்து உட்கார்ந்து டேப்பைப் பிச்சு எடுத்தேன். ஒன்பது பெட்டி. உள்ள கையை விட்டு, அந்த ஆளுங்க கைபட்ட இடமெல்லாம் மஞ்சத் தண்ணி தொட்டுத் தொடச்சேன். அந்த வெள்ளைப் பொட்டலத்தையெல்லாம் பொறுக்கிச் சாக்கடையில கொட்டினேன். கடைசியாப் பெட்டிக்கு ஒரு பிடி கல்லுப்பு, ஒரு மஞ்சக் கிழங்கு, காயிதத்துல மடிச்சு வச்சேன். உப்பும் ஈரத்தை இழுக்கும், அவ படிச்ச படிப்புக்கு இது தெரியாதா? அடியில வைக்கலை. லட்சுமியைக் காலடியில வைப்பாங்களா? மேலதான் வச்சேன். அந்த எம்பிராய்டரி மெஷினுக்குப் பிளாஸ்டிக் கவரு போட்டு இறுக்கி ஒட்டியிருந்தா. சோறு போட்ட மெஷினாச்சே, அதுக்கு மட்டும் கவரைக் கிழிச்சு ரெண்டு பிடியா வச்சேன். திரும்ப ஒட்டப் பழுப்பு டேப்பு இல்லை. யாழிசை நோட்டுக்கு ஒட்டுற கண்ணாடி டேப்பை வச்சு ஒட்டினேன். அவ வர்றதுக்குள்ள குளிச்சுட்டேன்.

ஞாயித்துக்கிழமை எல்லாம் போய்ச் சேந்துச்சு. ஒரு கண்ணாடிகூட உடையலை. அந்தத் தேவராசு அம்மன் படத்தைச் செருப்பைக் கழட்டிட்டு ரெண்டு மாடி படியேறித் தூக்கிட்டு வந்தான். லிஃப்ட்டுல போனா இடிக்குமாம். அதெல்லாம் நடிப்பு. நான் உப்பு வச்ச மத்த எட்டுப் பெட்டியையும் அங்க நானே முந்திக்கிட்டுப் பிரிச்சு, உப்பைச் சமையலுக்கு எடுத்து வச்சுட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலம் பிடிச்ச மழைம்மா, நாலு நாள் விடலை. அவ மெஷின் வைக்கிற ரூம்ல தச்சு வேலை முடியலைன்னு அந்தப் பெட்டி மட்டும் பால்கனிப் பக்கம் பிரிக்காமயே கெடந்துச்சு. வியாழக்கிழமை ரூமு தயாரானதும் பெட்டிக்கு மேல கெடந்த தச்சன் பலகையை எறக்கி, அவசரமாப் பிரிச்சு, பெட்டிக்குள்ள வேற என்ன இருக்குன்னுகூடப் பாக்காம மெஷினைத் தூக்கி மேசையில வச்சா. அடுத்த வாரம் முகூர்த்தம், பதினோரு ஜாக்கெட்டு முடிக்க வேண்டியிருக்கு. சுவிட்சைப் போட்டா. டப்புன்னு ஒரு சத்தம். பொணம் தீயற மாதிரி ஒரு நாத்தம்மா. இன்னும் அந்த ரூமை விட்டுப் போகலை.

மெக்கானிக் வந்து கழட்டினான். உள்ள போர்டுல பச்சையும் வெள்ளையுமாப் பூத்துப் போய் இருக்கு, மஞ்சளா வழிஞ்சு வேற காஞ்சிருக்கு. மேடம், இது கடல்ல விழுந்துச்சாங்கறான். உப்புத் தண்ணி எறங்கியிருக்காம். இந்தப் போர்டு இங்க கெடைக்காது, மெஷின் அவ்வளவுதான்னுட்டான். சுபா தரையில உட்கார்ந்தவ எந்திரிக்கலை. நான்தான் காப்பி போட்டுக் குடுத்தேன். வேற யாரு இருக்கா அவளுக்கு?

எம்பையன் தலையைப் பிடிச்சுக்கிட்டு யோசிச்சான். அம்மா, அந்த லாரி வேதாரண்யத்துல இருந்து உப்பு ஏத்திக்கிட்டு வந்த லாரியா இருக்கும், தார்ப்பாய் போடாம மழையில ஊறியிருக்கும்னான். இருக்கும்டான்னேன். அவனாத்தான் சொன்னான், நான் சொல்லலை. எங்கிட்ட யாரும் நேரா ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்.

பேக்கர்ஸ் முதலாளிக்குப் போன் போட்டுக் கத்தினான். அந்தப் பெட்டியைத் தூக்கினது யாருன்னு பாத்து, தேவராசுவை இனி வேலைக்கு வர வேண்டாம்னு நிறுத்திட்டாங்களாம். எச்சியாலே டேப்பு ஒட்டினவன்தானே, எனக்கு ஒண்ணும் பெருசாத் தெரியலை. அன்னிக்கு ராத்திரி சோறு மட்டும் எறங்கலை. அது புது வீட்டுத் தண்ணி ஒத்துக்காததால.

ஜாக்கெட்டுத் துணியையெல்லாம் திருப்பிக் குடுத்தா. ஒரு பொண்ணோட அம்மா வாசல்ல நின்னு, நம்பி விட்டதுக்கு இப்படிப் பண்ணிட்டியேன்னு பேசிட்டுப் போனா. இவ கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு நின்னா. எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு.

மூணு நாள் கழிச்சு மணியடிச்சது யாருங்கறே? அந்தத் தேவராசு. வாசப்படிக்கு வெளியவே நிக்கறான், செருப்பைக் கீழயே கழட்டிட்டு வந்திருக்கான். அம்மா, எனக்கு வேலை போனது போகட்டுங்க, எம்மேல விழுந்த பேரு போகணும்னான். போனை எடுத்துச் சுபாகிட்ட நீட்டினான். பெட்டி நம்பர் ஆறு, மெஷின் பெட்டியோட போட்டோ. பழுப்பு டேப்பு குறுக்க ரெண்டு, நெடுக்க ஒண்ணு. அப்புறம், அந்தக் காலி அட்டைப்பெட்டி இருந்தா எடுத்துக்கிட்டு வாங்கம்மான்னான். அவதான் எதையும் தூக்கிப் போட மாட்டாளே. கொண்டாந்தா. நாசமாப் போன பெட்டி, ஓரத்துல கண்ணாடி டேப்பு ஒட்டிக்கிட்டே இருக்கு.

இது எங்க டேப்பு இல்லைங்கம்மான்னான். அவ்வளவுதான் சொன்னான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சுபா அந்த டேப்பைத் தடவிப் பாத்தா. யாழிசையோட பென்சில் டப்பாவுல இருந்த கண்ணாடி டேப்பைப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்து, அத்தை, உப்பு வச்சீங்களான்னு கேட்டா. சத்தம் போடலை. ஆமா வச்சேன், உங்க குடும்பம் நல்லா இருக்கத்தான் வச்சேன்னேன். கேட்டா, சொன்னேன். நான் மறைக்கிறவ இல்லை.

அவ அந்த ஆளை உள்ள கூப்பிட்டு நாற்காலி போட்டா. காப்பி குடுத்தா. எதுல குடுத்தா தெரியுமா? என் டம்ளர்ல. இருபது வருஷமா நான் ஒருத்திதான் குடிக்கிறேன், அடியில என் பேரு வெட்டியிருக்கும். கோகிலம்னு. தெரியாமக் குடுக்கலை, எனக்குத் தெரியும். நான் பாக்க, பாத்துக்கிட்டே குடுத்தா. அந்த ஆளு டம்ளரைத் தூக்கி வாயில படாமக் குடிச்சுட்டு, கழுவிக் கவுத்திட்டுப் போனான். அவ முதலாளிக்குப் போன் போட்டு, தப்பு எங்க வீட்டுல, அவரைத் திரும்பச் சேத்துக்கோங்கன்னு சொன்னா. நான் அந்த டம்ளரை இதுவரைக்கும் தொடலை. தொட முடியலைம்மா. அருவருப்பா இருக்கு.

எம்பையனாவது கேப்பான்னு பாத்தேன். சாயங்காலம் வந்தான், அவ சொன்னா, கேட்டுக்கிட்டான். அந்த ஆளு வேலை போச்சே அம்மா, அப்பவாவது சொல்லியிருக்கலாமேன்னான். அதுக்கப்புறம் எங்கிட்ட ஒண்ணும் பேசலை. பெத்தவளைவிட டேப்பு ஒட்டுறவன் பெருசாப் போயிட்டான்.

முந்தாநாள் சுபாதான் சொன்னா. அத்தை, தமயந்தி அண்ணி கூப்பிடறாங்க, ஒரு பத்து நாள் இருந்துட்டு வாங்கன்னு. எம்மக தமயந்தியும் போன்ல வாம்மான்னா. கொஞ்சம் நிறுத்தித்தான் சொன்னா, லைன் சரியில்லை போல. பின்பக்க ரூமைக் காலி பண்ணி உனக்குன்னு கட்டில் வாங்கிப் போட்டிருக்கேன்மாங்கறா. பத்து நாளைக்கு எதுக்குக் கட்டிலு? நான் பாயில படுத்துக்குவேன்.

பெட்டியை நானே கட்டறேன்னேன். விடலையே. அந்த டிவியைக் கட்டினாளே, அதே மாதிரி உட்கார்ந்து கட்டினா. மாத்திரையெல்லாம் காலை, மதியம், ராத்திரின்னு எழுதித் தனித்தனியா. என் வீட்டுக்காரர் போட்டோ சாமி ரூம்ல மாட்டியிருந்தது, அதைக் கழட்டி, குமிழ் குமிழா இருக்குமே அந்தக் கவரைச் சுத்தி, புடவைக்கு நடுவுல வச்சிருக்கா. அதுக்குள்ளயும் அந்த வெள்ளைப் பொட்டலம். தீபாவளிக்குன்னு முன்கூட்டியே எனக்கு எடுத்த புடவை, லேபிள்கூடப் பிரிக்கலை, அது. மார்கழியில போடுற ஸ்வெட்டரு. பென்ஷன் புக்கு. இப்ப ஆவணிதானே நடக்குது? பத்து நாளைக்குப் போறவளுக்கு எதுக்கு ஸ்வெட்டரு? அளவு தெரியாது அவளுக்கு, எதைக் கட்டினாலும் இப்படித்தான்.

யாழிசை மட்டும் கேட் வரைக்கும் வந்து, ஆத்தா எப்ப வருவேன்னு கேட்டா. பத்து நாள்னு சொன்னேன். அவங்க அம்மாவைப் பாத்தா. அவங்க அம்மா ஆட்டோக்காரன்கிட்ட பெட்டியைச் சாய்க்காம வைங்கண்ணான்னு சொல்லிக்கிட்டிருந்தா.

தண்ணியா? வேண்டாம்மா, நான் வெளிய யாருகிட்டயும் வாங்கிக் குடிக்கிறதில்லை. தப்பா எடுத்துக்காத.

இன்னொண்ணு கேளு. பஸ் ஏறினதும் மூக்குக் கண்ணாடி எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். எல்லாத்துக்கும் மேல ஒரு காயிதப் பொட்டலம். நான் மடிக்கிற மாதிரியே மடிச்சிருக்கு. பிரிச்சா, கல்லுப்பு. ஒரு பிடி. கூட ஒரு மஞ்சக் கிழங்கு. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. எத்தனை தடவை சொன்னேன் அவளுக்கு. குடியிருக்கப் போறவதான் உப்பு கொண்டு போகணும். காதுலயே வாங்கலை பாரு. தலையை மட்டும் ஆட்டினா.

ஏம்மா, நீ என்ன அப்படிப் பாக்குற?

புதுக்கோட்டை வந்துருச்சு, இறங்கு. இங்க வண்டி எவ்வளவு நேரம் நிக்கும்? எனக்கு ஒரு உதவி பண்றியா, கீழ பழக்கடை இருக்கும், ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி ஜன்னல் வழியாக் குடுத்துட்டுப் போ. நல்லதாப் பாத்து வாங்கு, அடிபட்டது வேண்டாம். மக வீடுன்னாலும் நான் விருந்தாளிதானே, கையில பழத்தோடதான் போகணும்.